காய்ச்சல் காலத்தில் ஊருக்கு அறிவித்தல் கொடுப்பது எப்படி

நான் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்கிறவன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம், விசுவமடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு என் குரல் பழக்கம். அதிகம் செய்வது மரண அறிவித்தல். பிறகு கோயில் திருவிழா, கமக்காரர் அமைப்பின் கூட்டம், தவறிய மாடு. மாரி தொடங்கினால் டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றோட்டம் என்று சுகாதார அறிவித்தல்களும் வரும். மீள்குடியேறி வந்து 2011இல் தொடங்கிய வேலை. இந்த வருடங்களில் படித்ததை, இதைச் செய்ய வருகிற இளம் ஆட்களுக்காகவும், எங்களிடம் தாளை எழுதித் தருகிற உத்தியோகத்தர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலாவது டெங்கு அறிவித்தலில் நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். “அவசர அறிவித்தல், அவசர அறிவித்தல்” என்று உரத்துச் சொல்லிக்கொண்டு விசுவமடுவில் ஓர் ஒழுங்கைக்குள் போனேன். பின்னேரம், மங்கல் நேரம். ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வெளியே வந்தார். கையில் வாய் கட்டிய உரப்பை. மறு கையில் பேரப்பிள்ளை. “தம்பி, இப்ப எங்கை போகச் சொல்லுறாங்கள்?” என்று கேட்டார். பைக்குள் அடையாள அட்டை, காணிப் பெர்மிட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஒரு சேலை. நான் சொல்லிக்கொண்டு வந்தது நுளம்பைப் பற்றி. அவர் காதில் விழுந்தது “அவசரம்” என்ற ஒரு சொல் மட்டும்தான். ஓட்டோவை நிற்பாட்டி, “ஒரு இடமும் போகத் தேவையில்லை அம்மா, டெங்குக் காய்ச்சல் அறிவித்தல்” என்று சொன்ன பிறகும் அவருடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றோடு “அவசரம்” என்ற சொல்லை விட்டுவிட்டேன். சைரன் சத்தமும் போடுவதில்லை. எங்கள் ஊரில் இடம்பெயராத வீடு இல்லை. ஒலிபெருக்கி கேட்டால் முதலில் மூட்டையைத் தேடுகிற கைகள் இங்கே நிறைய. ஆகவே சுகாதார அறிவித்தலின் முதல் வசனம் எப்போதும் இதுதான்: “வணக்கம். இது சுகாதார அறிவித்தல். யாரும் எங்கும் போகத் தேவையில்லை.” அதைக் கேட்ட பிறகுதான் காது மற்றதைக் கேட்கும்.

என்ன சொல்ல வேண்டும்

ஓட்டோவை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் உருட்டினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 165 மீற்றர் போய்விடும். ஒரு வீட்டுக்கு என் ஹோர்ண் தெளிவாகக் கேட்பது அவ்வளவு தூரத்துக்குத்தான். அதாவது ஒரு வீட்டுக்கு எனக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அறிவித்தல் 30 விநாடிக்குள் முடிந்தால் அந்த வீடு அதை முழுதாக இரண்டு தரம் கேட்கும். இரண்டு நிமிடத் தாள் தந்தால் ஒரு வீட்டுக்கு நோயின் பெயர் கிடைக்கும், அடுத்த வீட்டுக்கு மருந்து கிடைக்கும், அதற்கடுத்த வீட்டுக்கு நன்றி வணக்கம் கிடைக்கும். இதை எழுதித் தருகிறவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பல காலம் எடுத்தது. இப்போது என்னுடைய போனில் ஸ்டொப் வாட்சைப் போட்டு அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டுவேன். அவர்களே பேனையை எடுத்து வெட்டுவார்கள்.

எலிக்காய்ச்சலுக்கு நான் சொல்லுவது இப்படி இருக்கும் (பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):

“வணக்கம். இது சுகாதார அறிவித்தல். யாரும் எங்கும் போகத் தேவையில்லை. இன்று சனிக்கிழமை, மார்கழி 14. வயலில், வாய்க்காலில், வெள்ளத்தில் இறங்கியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், கெண்டைக்காலும் நாரியும் நொந்தால், கண் சிவந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் ‘நான் வயலுக்குள் இறங்கினனான்’ என்று டொக்டரிடம் சொல்லுங்கள். தடுப்புக் குளிசை இலவசம். நாளைக் காலை 7 மணிக்குப் பால் எடுக்கும் இடத்தில் பி.எச்.ஐ. ஐயா தருவார். இந்த அறிவித்தல் நாளை மத்தியானம் வரைக்கும்.”

இதில் “எலிக்காய்ச்சல்” என்ற பெயரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் வேண்டுமென்றுதான் விட்டேன். அந்தப் பெயர் ஆட்களைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. “எலிக்காய்ச்சல்” என்று அறிவித்த வருடம் கடைகளில் எலிப்பொறி முடிந்துவிட்டது. குசினியில் அரிசிப் பானைக்கு மூடி போட்டார்கள். அதே ஆள் அடுத்த நாள் காலை, கால் வெடிப்போடும் மண்வெட்டி பட்ட காயத்தோடும் வாய்க்கால் வெட்ட இறங்கினார். நோய்க்கிருமி இருப்பது எலியின் சலத்தில், அதாவது சிறுநீரில். மாட்டின் சலத்திலும் நாயின் சலத்திலும்கூட இருக்கும். அது தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, காயத்தாலும் ஊறிப்போன தோலாலும் கண்ணாலும் வாயாலும் உடலுக்குள் போகிறது. பிந்தினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். பெரும்போகத்தில் பசளை எறியவும் புல் பிடுங்கவும் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் இது உரியது. ஆகவே நோயின் பெயரைவிட அது வரும் வழியைச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், “வயல் தண்ணியால் வருகிற எலிக்காய்ச்சல்” என்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தடுப்புக் குளிசை டொக்சிசைக்கிளின். கிழமைக்கு ஒருமுறை, 200 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல. ஆகவே “பார்மசியில் வாங்கிப் போடுங்கள்” என்று ஒருநாளும் அறிவிக்காதீர்கள். பி.எச்.ஐ. ஆளைப் பார்த்து, கேட்டுத்தான் கொடுப்பார். அவர் எங்கே, எத்தனை மணிக்கு நிற்பார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

டெங்குவுக்கு வேறொரு இடத்தில் அழுத்த வேண்டும். வளவில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். 2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்த பிறகு, சிரட்டை, ரயர், கூரைப் பீலி என்று பிள்ளைகளே பாடமாகச் சொல்லுவார்கள். ஆட்கள் ஏமாறுகிற இடம் காய்ச்சல் விடுகிற நாள். “காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை” என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். ஆபத்துத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். நான் டெங்குவுக்குச் சொல்லுவது மூன்றுதான்: பனடோல் தவிர வேறு நோவுக் குளிசை போடாதீர்கள், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று நோவு, தொடர்ந்த சத்தி, சோர்வு, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை இருந்தால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது செங்கமாரியும் கொப்பளிப்பானும் பரவின. கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள் என்று ஒலிபெருக்கி நாள் முழுக்கச் சொன்னது. எங்கள் கூடாரத்தில் சோறு காய்ச்சவே விறகு காணாது. கேட்கிறவனுக்குத் தன்மேல்தான் கோபம் வரும், பிறகு ஒலிபெருக்கிமேல் வரும், பிறகு கேட்பதையே விட்டுவிடுவான். இன்றைக்கும் வெள்ளத்துக்குப் பிறகு “கிணற்றை இறைத்துக் குளோரின் போடுங்கள்” என்று தாள் தந்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன்: குளோரின் எங்கே கிடைக்கும்? அளவை யார் சொல்லித் தருவார்? பதில் தாளில் ஏறின பிறகுதான் ஓட்டோவை எடுப்பேன்.

சில நேரம் நோய் என்னவென்றே தெரியாது. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் வந்தன. எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும் வரைக்கும் “மர்மக் காய்ச்சல்” என்ற சொல்தான் எல்லாப் போனிலும் ஓடியது. இங்கே தருமபுரத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்தார்கள். அப்படியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும். “இரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நாளை இதே நேரம் திரும்பவும் வருவேன்” என்று சொல்லுங்கள். முடிவு வராவிட்டாலும் அடுத்த நாள் அதே நேரம் போய், வரவில்லை என்பதையே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தவனைத்தான் சனம் நம்பும்.

எப்போது, எங்கே நின்று

காலை பத்து மணிக்கு அறிவித்தால் அது நாய்க்கும் கோழிக்கும்தான் கேட்கும். கமக்காரர் வயலில். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளின் பஸ் விடியமுன்னமே போய்விடும். எனக்கு வாய்த்த நேரம் பின்னேரம் ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணி வரை. கோயில் பூசை நேரம் ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டுக் கடந்து போவேன். பள்ளிவாசல் உள்ள ஊர்களில் நான் போவதைவிட, தாளை அங்கேயே கொடுத்து அவர்களுடைய ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பது நல்லது. தெரிந்த குரல் சொல்லுகிறபோது கேள்வியும் உடனே வரும்.

காற்றைப் பாருங்கள். வாடை அடிக்கிற மாதங்களில் குடியிருப்பின் வடகிழக்குப் பக்கம் நின்று காற்றோடு சேர்த்து விட்டால் சத்தம் உள்ளே வரைக்கும் போகும். கச்சான் காலத்தில் மேற்குப் பக்கம். காற்றுக்கு எதிராகக் கத்தினால் முன்வீட்டுக்குக் காது அடைக்கும், நாலாம் வீட்டுக்கு ஒன்றும் கேட்காது.

ஆனால் காய்ச்சல் வருவதே மழையோடுதான். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த ஹோர்ணும் எடுபடாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து முரசுமோட்டையும் கண்டாவளையும் வெள்ளத்துக்குள் போனபோது, ஓட்டோ போக ஒழுங்கையே இல்லை. அதற்குப் பிறகு நான் நம்புவது காலையில் பால் கொண்டுவருகிற ஆட்களை. மழையோ வெயிலோ, மாடு கறக்காமல் இருக்க முடியாது. பால் சேகரிக்கும் இடத்தில் ஐம்பது வீட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு ஆள் ஒரு ஒழுங்கைக்குச் செய்தி. அதோடு கடை, அரிசி ஆலை, பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனை. 2022இல் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல்தான் என்று வந்தபோதும் இந்த வழியால்தான் தப்பினோம்.

ஊர் சொல்லுவதைத் திரும்பக் கொண்டுபோவது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அறிவித்தல் செய்கிறவன் வாயோடு மட்டும் போகக் கூடாது. என்னுடைய ஓட்டோவில் ஒரு 80 பக்கக் கொப்பி எப்போதும் இருக்கும். படலையில் மறித்துக் கேட்கிற கேள்வியை அப்படியே எழுதுவேன். “குளிசை போட்டால் சாராயம் குடிக்கலாமோ?”, “மாடும் காய்ச்சலோடை நிக்குது, பால் எடுக்கலாமோ?”, “பிள்ளைத்தாச்சி நான், புல்லுப் பிடுங்கப் போகலாமோ?” இரவு எட்டு மணிக்கு பி.எச்.ஐ.யுடன் கதைத்து, அதிகம் வந்த மூன்று கேள்விக்குப் பதில் வாங்குவேன். அடுத்த நாள் அறிவித்தல் அந்தப் பதில்களோடு தொடங்கும். தங்களுடைய கேள்வி ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்டால் சனம் படலைக்கு வந்து நிற்கும்.

கேள்வியோடு சேர்த்து இன்னொன்றையும் எழுதுவேன்: எந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டில் காய்ச்சல். ஆட்களின் பெயர் எழுதுவதில்லை, எண்ணிக்கை மட்டும். ஒரு முறை ஒரே வாய்க்காலை ஒட்டிய வயல்காரரின் நாலு வீட்டில் காய்ச்சல் என்று எழுதினேன். நாலு பேரும் நாலு வேறு இடத்தில் மருந்து எடுத்திருந்தார்கள். ஒருவர் கிளிநொச்சியில் தனியாரிடம், ஒருவர் கடையில் பனடோல் வாங்கி. அதனால் எந்தப் புத்தகத்திலும் அது ஒன்றாகத் தெரியவில்லை. கொப்பியைப் பார்த்த பி.எச்.ஐ. அடுத்த நாள் காலையே அந்த வாய்க்காலடிக்கு வந்தார்.

நோய் எப்படி அறிவிக்கப்படுகிறது என்பதையும் சனத்துக்குச் சொல்லிக் கொடுங்கள். அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்று டொக்டருக்குச் சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் படிவம் போக வேண்டும். அதில் உள்ள விலாசத்தை வைத்துத்தான் பி.எச்.ஐ. வீட்டுக்கு வருவார். எங்கள் ஆட்கள் பலர் ஆஸ்பத்திரியில் அடையாள அட்டையில் இருக்கிற பழைய விலாசத்தை, அல்லது டவுனில் உள்ள அக்காவின் வீட்டு விலாசத்தைக் கொடுப்பார்கள். பி.எச்.ஐ. அங்கே போய் நுளம்பைத் தேடுவார். நுளம்பு இங்கே எங்கள் ஒழுங்கையில் இருக்கும். “போன இரண்டு கிழமை எங்கே படுத்து எழும்பினீர்களோ அந்த விலாசத்தைச் சொல்லுங்கள்” என்று நான் ஒவ்வொரு மாரியும் அறிவிக்கிறேன்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மலேரியா நினைவிருக்கும். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு காய்ச்சலும் எண்ணப்பட்டது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. மருந்தடிப்பும் நுளம்பு வலையும் குளிசையும் சேர்ந்து செய்த வேலை அது. எங்கே மருந்தடிக்க வேண்டும் என்று காட்டியது அந்தக் கண்ணாடித் துண்டுகள். இன்றைக்கும் வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போனார் என்பதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

வட்ஸ்அப் குரல் பதிவு

குரல் பதிவு அனுப்பினால் நாளையும் இடத்தையும் குரலுக்குள்ளேயே சொல்லுங்கள். எழுத்தில் போட்டால் அது மற்றவருக்கு அனுப்பும்போது கழன்றுபோகும். எது வரைக்கும் செல்லும் என்பதையும் சொல்லி முடியுங்கள். நான் ஒரு வருடம் போட்ட “நாளை பள்ளிக்கூடம் இல்லை” என்ற பதிவு, நாள் சொல்லாததால், அடுத்த வருடம் மழைக்குத் திரும்ப வந்து நின்றது.

வீட்டைக் காட்டாதீர்கள்

கொரோனா நேரம். “பாலத்தடி வீட்டில் நோயாளி இருப்பதால் அயலவர்கள் கவனம்” என்று எனக்கு எழுதித் தந்தார்கள். நான் யோசிக்காமல் வாசித்தேன். பாலத்தடியில் இருப்பது ஒரேயொரு வீடு. பதினான்கு நாள் முடிந்து எல்லோரும் சுகமாகி வந்த பிறகும் அந்த வீட்டுப் பாலை வாங்க அயலில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த ஐயா ஒவ்வொரு நாளும் கறந்து கன்றுக்கே விட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். “உன்ரை குரலிலை கேட்டதுதான் தம்பி கஷ்டமாப் போச்சு” என்றார். அதற்குப் பிறகு யார் எழுதித் தந்தாலும் வீட்டைச் சொல்லுவதில்லை. கிணற்றைச் சொல்லுவேன், வாய்க்காலைச் சொல்லுவேன், வட்டாரத்தைச் சொல்லுவேன். அந்த வீட்டு ஆட்களிடம் பி.எச்.ஐ.யும் குடும்பநல மிஸ்ஸும் நேரே போய்க் கதைக்கட்டும்.

அம்மாள் வருத்தத்துக்கும் இதே கவனம் வேண்டும். வேப்பிலை கட்டி வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்களைப் பழிக்காதீர்கள். பழித்தால் மறைப்பார்கள். “வேப்பிலை கட்டியிருக்கிற வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சிகளும் கைக்குழந்தைகளும் போகாதீர்கள், குடும்பநல மிஸ்ஸுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்” என்றால் போதும். அம்மாள் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் இருப்பது எங்களுடைய பழைய வழக்கமும்தான்.

பிழை விட்டால் அதே ஒழுங்கை, அதே நேரம், அதே எண்ணிக்கை. ஒரு முறை நடமாடும் மருத்துவ முகாமின் நாளை எனக்குப் பிழையாகத் தந்துவிட்டார்கள். கைப்பிள்ளைகளோடு வந்த தாய்மார் வெயிலுக்குள் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். திருத்தத்தைத் தாளில் ஒட்டினால் போதும் என்றார்கள். நான் மூன்று பின்னேரம் ஓடிய பாதையிலேயே மூன்று பின்னேரம் ஓடி, “முன்பு சொன்ன நாள் பிழை. வந்து திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்” என்று சொன்னேன். பெற்றோல் என்னுடையது. அடுத்த முகாமுக்கு ஆட்கள் வந்தார்கள்.

கேளாதவர்கள்

கடைசிச் சண்டையில் செல் சத்தத்தால் காது போனவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். என்னுடைய ஹோர்ண் எவ்வளவு பெரிதென்றாலும் அவர்களுக்கு அது இல்லை. என் கொப்பியின் பின்பக்கத்தில் அப்படியான வீடுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு, சம்மதத்தோடு எழுதியது. அங்கே ஓட்டோவை நிற்பாட்டி இறங்கிப் போவேன். ஒரு அண்ணைக்கு எழுத்து வாசிக்க வரும், அவருக்குப் பெரிய எழுத்தில் தாள். இன்னொரு அம்மாவுக்கு வாசிக்கவும் வராது. காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்துக் காட்டுவேன், கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டுவேன், வயல் பக்கம் கையை நீட்டுவேன், பிறகு விரலால் ஏழு மணி. அவர் அதைத் திருப்பி எனக்குச் செய்து காட்டும் வரைக்கும் நான் வெளிக்கிடுவதில்லை.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். நோய் வந்த பிறகு அதற்கு அலையாமல், புரட்டாதியிலேயே சுகாதாரப் பணிமனையின் கடிதத்தோடு போய்க் கேட்டு வையுங்கள்.

நோய் அடங்கினால் அதையும் அறிவியுங்கள். “இந்தப் பக்கத்தில் மூன்று கிழமையாகப் புதிதாக ஒருவருக்கும் இல்லை. பி.எச்.ஐ. ஐயாவின் குளிசை நிற்பாட்டப்படுகிறது. காய்ச்சல் வந்தால் வழமைபோல ஆஸ்பத்திரி.” இதை ஒருவரும் எழுதித் தருவதில்லை, நானாகக் கேட்டு வாங்குவேன். பிறகு கொப்பியைக் கிராம அபிவிருத்திச் சங்க அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். ஐப்பசி முதல் கிழமை அதை எடுத்து, பட்டியலில் உள்ள வீடுகளுக்கு ஒருமுறை போய்வருவேன். யார் இருக்கிறார்கள், யார் மகளோடு போய்விட்டார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று திருத்திவிட்டு, அம்பிளிபயர் பற்றறியைச் சார்ஜில் போடுவேன்.